எட்டாம் பகுதியில் வரும் ‘நீ’

பிரிக்பீல்ட்ஸ்
11.2.2024

அன்பு அண்ணனுக்கு,

லோகேஸ்வரி எழுதுவது. பிரஷர், சர்க்கரை, முழங்கால் வலி மூன்றும் என்னோடு ஒற்றுமையாகக் குடித்தனம் நடத்துகின்றன. மற்றபடி குறையில்லை. உங்கள் காதுக்கருவி இன்னும் டிராயருக்குள்தான் தூங்குகிறதா? அதைப் போட்டுக்கொண்டால் போனிலேயே பேசித் தொலைக்கலாம். ஜெஞ்சாரோம் ஒன்றும் சீமையில் இல்லை. இங்கிருந்து ஒரு மணி நேர தூரத்துக்கு நாம் இரண்டு பேரும் தபால்தலை ஒட்டிக்கொண்டிருக்கிறோம் என்று தபால்காரருக்கே சிரிப்பு.

ஒரு நல்ல சேதி. ஜவுளிக்கடை யூனுஸ் பாயின் மகள் ஹுமைரா ஞாபகம் இருக்கிறதா? இப்போது பல்கலைக்கழகத்தில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறாள். நீங்களும் கமலநாதனும் பரமேஸ்வரனும் பெர்மிட் இல்லாமல் நடத்தின ‘தார்ரோடு’ பத்திரிகையில் பதினோரு இதழ்கள் அவள் அப்பாவின் கடைப் பரணில் துணி பேலுக்கு அடியில் கிடந்தனவாம். உங்கள் ‘லோரிக் குறிப்புக’ளைப் புத்தகமாகப் போட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். இந்த நாட்டுத் தமிழில் அப்படி வீட்டை விட்டு ரோட்டில் ஏறி எழுதினவர்கள் நீங்கள் மூன்று பேர்தானாம். பயணம்தான் உங்கள் மொழியையே உடைத்ததாம்.

அதற்கு ஆதாரம் என்ன தெரியுமா? நீங்கள் முற்றுப்புள்ளியே வைக்கவில்லை. நிற்காத சக்கரத்தின் மொழி என்று முப்பது பக்கம் எழுதியிருக்கிறாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஸ்டென்சில் அடித்தவள் நான். அந்தப் பழைய டைப்ரைட்டரில் முற்றுப்புள்ளியைத் தட்டினால் மெழுகுத் தாளில் ஓட்டை விழும், மை ஒழுகிப் பக்கமே நாசமாகும். அதனால் நானே எல்லா முற்றுப்புள்ளிகளையும் விட்டுவிட்டேன். இதை அவளிடம் சொல்லவில்லை, பாவம்.

சம்மதக் கடிதம் வேண்டும். உடனே எழுதுங்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

தங்கை
லோகா

*

ஜெஞ்சாரோம்
20.2.2024

அன்புள்ள லோகா,

சுகமாக இருக்கிறேன். காதைத் தவிர எல்லாம் வேலை செய்கிறது, காது கேட்காததும் ஒரு சுகம்தான். சீனப் புத்தாண்டுக்கு இங்கே புத்தர் கோயில் விளக்குகளைப் பார்க்கக் கோலாலம்பூரே காரெடுத்து வந்துவிட்டது. ரோட்டைத் தாண்டிக் கடைக்குப் போகவே அரை மணி நேரம். உன் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஒத்தடம் கொடு. மாடிப்படி ஏறாதே.

புள்ளி விஷயம் இன்றுதான் எனக்குத் தெரியும். நீ வேண்டுமென்றே எடுத்தாய் என்று நினைத்தேன். படித்தேன், பிடித்துப்போயிற்று, அடுத்த இதழிலிருந்து நானும் வைக்கவில்லை. ஹுமைராவிடம் சொல்லாதே, முப்பது பக்கம் வீணாகிவிடும்.

உன் கடிதம் வந்த நாளிலிருந்து பழைய ஞாபகம்தான். கிள்ளானில் மீன் லோரி ஏறினால் விடியும்போது ஈப்போ. ஐஸ் பெட்டிகள்மேல் சாக்கை விரித்துப் படுப்போம். முதுகு விறைத்துப்போகும், ஆனால் வானம் முழுக்க நம்முடையது. கமலநாதன் பாடுவான், பரமேஸ்வரன் தாய்லாந்து எல்லை தாண்டி ஹாட்யாய் போக ஒருவருக்கும் பாஸ்போர்ட் இல்லை என்று கணக்குப் போட்டுக்கொண்டே வருவான், இருந்தும் எப்படியோ போய்விடுவோம். இப்போது கமலநாதன் இல்லை. பரமேஸ்வரன் ஸ்ரீ கெம்பாங்கானில் இன்சூரன்ஸ் விற்று ரிட்டயராகிவிட்டான். போன வருஷம் பார்த்தபோது, நாம் எழுதினதெல்லாம் உண்மையாலா என்று என்னைக் கேட்டான்.

புத்தகம் போடட்டும். எனக்குச் சம்மதம். ஒரே ஒரு விஷயம், எட்டாம் பகுதி வேண்டாம். ஏழோடு நிறுத்திக்கொள்ளச் சொல்.

அண்ணன்
சுகுமாறன்

*

பிரிக்பீல்ட்ஸ்
2.3.2024

அன்பு அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. ஒத்தடம் கொடுக்கிறேன், கொஞ்சம் பரவாயில்லை.

எட்டாம் பகுதி வேண்டாம் என்றால் என்ன அர்த்தம்? ஹுமைரா முகம் செத்துப்போயிற்று. அவள் புத்தகம் போடுவதே அதற்காகத்தான். உங்களை ஒரு வரிகூடப் படிக்காதவர்களும் அதை மனப்பாடமாகச் சொல்கிறார்கள். போன வருஷம் ஓர் இலக்கியக் கூட்டத்தில் ஒரு பெண் மேடையில் சொல்லிவிட்டு அழுதாளாம். உங்களுக்கு மறந்திருந்தால் இதோ:

‘வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் கிள்ளான் பஸ் ஸ்டேஷனில் வந்து இறங்குவேன் கையில் ஒன்றும் இல்லை போன ஊர் எதுவும் என்னுடையதாகவில்லை நீ வந்தால் கூட வருவேன் நீ வரவில்லை என்றால் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டேன் என்று நினைத்துக்கொள்வேன் பிள்ளை என்னை மறந்திருக்கும் பரவாயில்லை முதலிலிருந்து பழகிக்கொள்ளும்’

அந்த ‘நீ’ விடுதலையாம். பிள்ளை, நம் சமுதாயமாம். ஹுமைரா சொல்லும்போது எனக்கும் அப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது. டைப் அடித்த அன்று எனக்கு இருபத்திரண்டு வயது. அம்மாவுக்குத் தெரியாமல் ரயில்வே குவாட்டர்ஸின் பின்கட்டில் உட்கார்ந்து, நீங்கள் பார்த்த ஊர்களையெல்லாம் விரலால் பார்த்தேன். அந்தக் கடைசிப் பகுதியை அடித்து முடித்துவிட்டு இன்னொரு தடவை படித்தேன். அதைப் போய் வேண்டாம் என்கிறீர்களே.

நீங்கள் கேட்கமாட்டீர்கள், நானே சொல்கிறேன். போன வாரம் காஜாங் போய் அண்ணியைப் பார்த்தேன். உங்கள் மகள் தாமரை வீட்டில்தான் இருக்கிறார். சிறுநீரகம் கெட்டு, ஆறு மாதமாக வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். மெலிந்துவிட்டார். வாய் மட்டும் மெலியவில்லை. நீங்கள் பிரிந்து நாற்பத்து நாலு வருஷமாகிறது, உங்கள் பெயரை அவர் எடுத்ததும் இல்லை, என்னை ஒரு நாளும் பழித்ததும் இல்லை.

காரணத்தை எழுதுங்கள்.

தங்கை
லோகா

*

ஜெஞ்சாரோம்
25.3.2024

அன்புள்ள லோகா,

பதில் தாமதமாகிவிட்டது. உடம்புக்கு ஒன்றுமில்லை. இரண்டு வாரமாக ஒரே வெயில், செம்பனைக் காட்டுப் பக்கம் புகை. சிறு இருமல், அவ்வளவுதான்.

ரோடுதான் எங்களை எழுத வைத்தது என்று அந்தப் பெண் சொல்வதை யோசித்துப் பார்த்தேன். பாதி சரி. ஒரு சின்னக் கம்பத்து ஊரில் மூன்று நாள் இருந்தால் அதைப் பற்றி நன்றாக எழுத வந்தது. முப்பது நாள் இருந்தால் ஒரு வரிகூட வராது. ஆட்கள் பழகிவிடுவார்கள், அவர்கள் வீட்டுக் கஷ்டம் தெரிந்துவிடும், நம்மிடம் ஏதாவது எதிர்பார்ப்பார்கள். அதற்குள் அடுத்த லோரி ஏறிவிடுவேன். இதைச் சுதந்திரம் என்று எழுதினேன். கல்யாணமாகி மூன்று வருஷம் வீட்டிலும் எனக்கு அதே வியாதிதான். இதை அவள் புத்தகத்தில் போட்டுக்கொள்ளலாம்.

டயாலிசிஸ் எந்தெந்த நாள்? யார் கூட்டிப் போகிறார்கள்? தாமரை வேலைக்குப் போகிறவள் ஆயிற்றே. எழுது.

எட்டாம் பகுதியைப் பற்றி இனி எழுதாதே.

அண்ணன்
சுகுமாறன்

*

பிரிக்பீல்ட்ஸ்
3.4.2024

அன்பு அண்ணனுக்கு,

இருமலுக்கு மருந்து வாங்கினீர்களா? புகை இருந்தால் ஜன்னலைச் சாத்தி வையுங்கள்.

திங்கள், புதன், வெள்ளி. காலை ஏழு மணிக்கு டாக்சி. உள்ளே நாலு மணி நேரம். கூட யாரும் போவதில்லை.

எழுதாதே என்றீர்கள், எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளுங்கள். ஹுமைரா கையெழுத்துப் பிரதி இருக்கிறதா என்று கேட்டாள் என்று என் பிஸ்கட் தகரத்தைத் திறந்தேன். ‘லோரிக் குறிப்புகள்’ இருந்தது. ஏழு பகுதியும் கோடு போட்ட பெரிய தாளில், பென்சிலில் எழுதி, சுருட்டி ரப்பர் போட்டு வைத்திருந்தது. எட்டாவது மட்டும் வேறு தாள். நீல மை, நல்ல கையெழுத்து. நாலாக மடித்த தடம் இருக்கிறது. ஒரே உறையில் வந்ததால் அன்று எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நீங்கள் எதில் எழுதினாலும் எனக்கு எழுத்துதான்.

இன்று அந்தத் தாளைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அண்ணா, இது யாருக்கு எழுதியது?

லோகா

*

பிரிக்பீல்ட்ஸ்
14.5.2024

அண்ணா,

ஆறு வாரமாகிறது. பக்கத்து வீட்டு லோகனைக் காரில் அனுப்பிப் பார்க்கச் சொன்னேன். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தீர்களாம், நன்றாக இருக்கிறேன் என்று சொல்லச் சொன்னீர்களாம். நன்றாக இருப்பது தெரிந்துவிட்டது. இனி எழுதலாமே.

லோகா

*

ஜெஞ்சாரோம்
28.5.2024

அன்புள்ள லோகா,

நீ அழுவாய் என்றுதான் இத்தனை வருஷம் சொல்லவில்லை. முதலில் ஒன்றை மனசில் வை, தப்பு என்னுடையது.

அது தனலெட்சுமிக்கு எழுதின கடிதம். நான் வீட்டைவிட்டுப் போனதும் அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிள்ளானில் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள் அல்லவா? அந்த வீட்டில் என் கடிதத்தை உள்ளே விடமாட்டார்கள். அதனால் ஹாட்யாயிலிருந்து ஏழு பகுதியை உனக்கு அனுப்பும்போது அதையும் மடித்து வைத்தேன். நீ கொண்டுபோய்க் கொடுப்பாய் என்று நினைத்தேன். பிள்ளை என்று எழுதியிருக்கிறேன், தங்கைக்குப் புரியாதா என்று நினைத்தேன். பெயர் போடவில்லை. யார் பெயரையும் எழுதுவதில்லை என்று நாங்கள் மூன்று பேரும் ஒரு கொள்கை வைத்திருந்தோம். பெண்டாட்டிக்கு எழுதும் கடிதத்திலும் கொள்கை.

தாளின் மேலே 8 என்று போட்டிருந்தேன். நான் வந்து இறங்கும் எட்டாம் தேதி. 1980 ஆகஸ்ட் எட்டு, வெள்ளிக்கிழமை. ஏழு பகுதிக்குப் பிறகு எட்டு என்று பார்த்தால் யாராக இருந்தாலும் எட்டாம் பகுதி என்றுதான் நினைப்பார்கள். நீ அதை அடித்தாய்.

அன்று பதினோரு மணிக்கே வந்து இறங்கினேன். கடைசி பஸ் போகும்வரை நின்றேன். மறுநாளும் நின்றேன். யாரும் வரவில்லை. வராததில் நியாயம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வடக்கே லோரி ஏறிவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து ஈப்போவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் ‘தார்ரோடு’ கிடந்தது. புரட்டினேன். என் கடிதம் அச்சில் இருந்தது.

அன்றைக்கே கிளம்பி வந்து அவளிடம் சொல்லியிருக்கலாம். நீ கேட்காத கேள்விக்கும் பதில் சொல்கிறேன். அந்தக் கடையில் இரண்டு பேர் அதைச் சத்தமாகப் படித்து, அடடா என்றார்கள். நான்தான் எழுதினேன் என்றேன், காசு வாங்காமல் சாப்பாடு போட்டார்கள். பிறகு போன இடமெல்லாம் அதைத்தான் சொன்னார்கள். எனக்கு அது பிடித்திருந்தது லோகா. அது பெண்டாட்டியைக் கெஞ்சி எழுதின காகிதம் என்று சொல்ல வாய் வரவில்லை. ஒரு மாதம் தள்ளிப்போட்டேன், ஒரு வருஷமாயிற்று, பிறகு எந்த முகத்தோடு போவது? பதினோரு வருஷம் சுற்றிவிட்டு இந்த ஜெஞ்சாரோமுக்கு வந்து சேர்ந்தேன். அதற்குப் பிறகு ஒரு வரி எழுதவில்லை.

இப்போது தெரிந்துவிட்டது. புத்தகத்தில் போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி, உன் விருப்பம். இருமல் நின்றுவிட்டது. நீ வேளைக்கு மாத்திரை போடு.

சுகு

*

பிரிக்பீல்ட்ஸ்
16.6.2024

அன்பு அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் வந்து மூன்று நாள் நான் சமைக்கவில்லை. அழுதேன், பிறகு உங்கள்மேல் கோபம் வந்தது, பிறகு என்மேல். தப்பு உங்களுடையது என்று ஒரு வரியில் எழுதிவிட்டீர்கள். தட்டினது என் விரல்கள் அல்லவா? அண்ணியும் பிள்ளையும் கிள்ளானில் இருக்கும்போது, பிள்ளை என்ற வார்த்தையை அடித்துவிட்டு, என்ன அழகாக எழுதுகிறார் அண்ணன் என்று பூரித்துப்போனேனே, அந்தப் புத்தியை எங்கே கொண்டுபோய் வைப்பது.

நேற்று அந்தத் தாளை எடுத்துக்கொண்டு காஜாங் போனேன். உங்களைக் கேட்கவில்லை. கேட்டால் ஆறு வாரம் யோசிப்பீர்கள்.

அண்ணி சோபாவில் சாய்ந்திருந்தார். தாமரை காய் வாங்கப் பாசாருக்குப் போயிருந்தாள். தாளைக் கையில் கொடுத்து, 8 என்பது தேதி என்று சொல்லி, எல்லாவற்றையும் சொன்னேன். தாளை முகத்துக்குக் கிட்ட வைத்து மெதுவாகப் படித்தார். எனக்கு இது தெரியும் என்றார். ‘தார்ரோடு’ ஒவ்வோர் இதழையும் நான்தான் அவருக்குத் தபாலில் அனுப்பிக்கொண்டிருந்தேன், மறந்தே போய்விட்டேன் பாருங்கள். அந்த இதழ் செப்டம்பர் நடுவில் அவர் கைக்குப் போயிருக்கிறது.

அப்புறம் சொன்னார்: “நான் போனேன் லோகா. வெள்ளிக்கிழமைன்னுதானே போட்டிருந்துச்சி. வர்ற வெள்ளின்னு நெனச்சி, கையுறை பேக்டரிக்கு லீவு சொல்லிட்டு, பிள்ளைக்குப் புதுக் கவுன் போட்டுத் தூக்கிட்டுப் போனேன். மூணு வெள்ளி போனேன். மூணாவது வெள்ளி வீட்டுக்குத் திரும்பி வரும்போதுதான் தோணுச்சி, அவரு கதைக்கு எழுதியிருக்காரு, நாந்தான் மடச்சி மாதிரி நெசம்னு நெனச்சிட்டேன்னு. வெக்கமாப் போச்சி. எங்க அம்மாகிட்டகூட சொல்லல.”

நீங்கள் நின்ற அதே இடத்தில் நின்றிருக்கிறார் அண்ணா. ஒன்றரை மாதம் கழித்து.

அவர் அழவில்லை. தண்ணீர் கேட்டார், அவருக்கு அளந்துதான் கொடுக்க வேண்டும், அரை கிளாஸ் கொடுத்தேன். குடித்துவிட்டு, அவருக்குக் காது கேக்கலையாமே என்றார். ஆமாம் என்றேன். என் கொரலும் இப்ப எனக்கே கேக்கறதில்ல, அதனால பரவால்ல என்றார். பிறகு, “வரச் சொல்லு. ஆனா இனிமே வெள்ளிக்கிழமை ஒத்து வராது, டயாலிசிஸ். செவ்வாக்கிழமை வரச் சொல்லு. வெளியில பசியாறிட்டு வர வேணாம்” என்றார்.

ஜூலை ஒன்பது செவ்வாய். கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறுங்கள், கேஎல் சென்ட்ரலில் இறங்குங்கள், காஜாங் ரயில் வேறு பிளாட்பாரம். நான் அங்கே நிற்பேன், மாற்றி ஏற்றிவிடுகிறேன். நாடெல்லாம் சுற்றினவருக்கு வீட்டைத் தாண்டாதவள் வழி சொல்ல வேண்டியிருக்கிறது. காதுக்கருவியைப் போட்டுக்கொண்டு வாருங்கள்.

தங்கை
லோகா

*

ஜெஞ்சாரோம்
25.6.2024

அன்புள்ள லோகா,

மூன்று வெள்ளிக்கிழமை என்று நீ எழுதின இடத்தைத் தாண்டி என்னால் ரொம்ப நேரம் படிக்க முடியவில்லை. எனக்கு எழுபத்து மூன்று வயது. நான் எழுதினதை நம்பின ஒரே ஆள் அவள்தான், அதற்காக வெட்கப்பட்டிருக்கிறாள்.

போய் என்ன பேசுவது என்று தெரியவில்லை. பயமாக இருக்கிறது, மறைக்க ஒன்றுமில்லை. இருந்தாலும் வருகிறேன். டவுனுக்குப் போய்க் காதுக்கருவிக்கு பேட்டரி வாங்கினேன். சட்டை என்ன நிறத்தில் போடுவது என்று உன்னைக் கேட்கலாமா என்று யோசித்தேன். கேட்கவில்லை.

உன் கால் ஜாக்கிரதை. பிளாட்பாரத்தில் உட்கார இடம் பார்த்துக்கொள்.

சுகு

*

காஜாங்
12.7.2024

அன்புள்ள லோகா,

அன்று என்னை ரயிலேற்றிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாயே, கால் வலி கூடிவிட்டதா? தாமரை உனக்குத் தைலம் வாங்கி வைத்திருக்கிறாள்.

நான் இன்னும் ஜெஞ்சாரோமுக்குத் திரும்பவில்லை. செவ்வாய் அன்று தாமரைதான் கதவைத் திறந்தாள். அங்கிள் உள்ளே வாங்க என்றாள். வேறென்ன சொல்வாள். பழகிக்கொள்ளட்டும். தனம் எனக்கு இடியப்பம் வைத்தாள். அவளுக்குத் தேங்காய்ப்பால் கூடாதாம், எனக்கு மட்டும் ஊற்றினாள். அந்தத் தாளை எடுத்து மேசைமேல் வைத்து, உங்க வாயால ஒரு தடவ படிங்க என்றாள். படித்தேன். காது கேட்காதவன் குரல் எப்படி இருக்கும், எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. அவள் கடைசிவரை கேட்டாள். நீ வந்தால் கூட வருவேன் என்ற இடத்தில் மட்டும் தலையை ஆட்டினாள். வேறு எதுவும் கேட்கவில்லை. நான் மன்னிப்புக் கேட்டேன். சாப்பாடு ஆறுது என்றாள்.

மறுநாள் புதன். டாக்சிக்காரருக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு நானே கூட்டிப்போனேன். இன்றும் நான்தான். வாசலுக்கு வெளியே ஒரு பெஞ்சு இருக்கிறது, மடியில் வைத்து எழுதுகிறேன், கையெழுத்து கோணலாக இருக்கும்.

ஹுமைராவிடம் சொல். எட்டாம் பகுதியைப் பற்றித் தனத்திடம் கேட்டேன், அந்தப் பெண் எத்தனை ஆசையாக இருக்கிறாள் என்றும் சொன்னேன். “அது எனக்கு வந்த லெட்டரு. ஊரு படிச்சது போதும்” என்றாள். அதனால் புத்தகத்தில் ஏழு பகுதிதான். எட்டாவது இல்லையே என்று யாராவது கேட்டால், அது உரியவரிடம் சேர்ந்துவிட்டது என்று ஹுமைரா குறிப்பு போடட்டும். அந்தத் தாள் இனி உன் தகரத்துக்கு வராது, தனத்தின் தலையணை உறைக்குள் இருக்கிறது.

நீ இன்னும் அதை நினைத்து அழுதுகொண்டிருந்தால் நிறுத்து. ஒன்றரை மாதம் தாமதமானாலும், பத்திரிகையைத் தபாலில் போட்டு அதை அவளிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது நீதான். நான் சேர்க்கவில்லை.

கதவு திறக்கிறது. தனம் வந்துவிட்டாள். எழுந்து போகிறேன்.

அண்ணன்
சுகு